பூவரசு மரத்தின் வயது

முலுண்டுக்கு மேற்கே கடைசி அடுக்குமாடியும் முடிந்து, இதற்கு மேல் வண்டி ஏறாது என்று ஆட்டோக்காரர்கள் திரும்பிவிடுகிற இடத்துக்குப் பின்னால், மலை தொடங்கும் சரிவில் பத்தொன்பது வீடுகள் இருந்தன. இப்போது இல்லை. அவை இல்லாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்று எனக்கு நானே குறைத்துக் குறைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எழுபத்தெட்டு வயதாகிறது. இனிக் குறைத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். தாவரவியல் படித்து, ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தி, செம்பூரில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கி ஓய்வு பெற்றவன். சொல்லிக்கொள்ளும்படி நான் செய்தது ஒன்றே ஒன்று. அந்த மலையடிவாரத்தின் மரம், மண், மனிதர் எல்லாவற்றையும் சேர்த்து எண்பது பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினேன்.

அந்த இடத்தை நான் தேடிக்கொண்டு போகவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மாணவர்களைச் செடி சேகரிக்க அழைத்துப் போவது வழக்கம். ஒரு முறை வழி தப்பிச் சரிவில் இறங்கியபோது ஒரு பெண் ஆட்டைத் திட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏ மூதி, அந்தப் பக்கம் போவாத போவாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்! சிறுத்த தூக்கிட்டுப் போனாத்தான் ஒனக்குப் புத்தி வரும்."

என்னோடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மராத்தி, மீதிப் பேர் குஜராத்தி. அவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கோ அது என் அப்பா கோபம் வந்தால் மட்டும் பேசுகிற தமிழ். சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சிரிப்பு? ஆட்டுக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சீங்களோ? அதுக்கு இந்திதான் வராது."

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அன்று தொடங்கிப் பதினோரு வருடம், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது செம்பூரில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, முலுண்டில் இறங்கி அங்கே போய்க்கொண்டிருந்தேன். தோள்பையில் நோட்டுப் புத்தகம், அளவுநாடா, செடிகளை வைக்கப் பழைய செய்தித்தாள். அவர்கள் என்னைச் சார்வாள் என்று கூப்பிட்டார்கள்.

அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கரும்பாறை மலை. மேலே ஒரு முழம் கூட மண் இருக்காது. கோடையில் போனால் செத்துப்போன மலை என்றுதான் தோன்றும். தேக்கு இலை முழுவதும் கொட்டி, காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கும். அந்த மொட்டைக் காட்டில் இலவும் புரசும் மட்டும் சிவப்பாகப் பூத்து நிற்கும். மழை விழுந்து பத்தாவது நாள் அதே சரிவில் நடக்க இடமிருக்காது. ஒவ்வொரு பாறை இடுக்கிலும் தண்ணீர் ஓடும். சரிவு முழுக்கக் கார்வி என்று ஒரு புதர் உண்டு. நம் குறிஞ்சிக்குப் பங்காளி. ஏழெட்டு வருடம் பச்சையாகவே நின்று, ஒரே ஒரு வருடம் எல்லாம் சேர்ந்து நீலமாகப் பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகும். நான் போய்வந்த காலத்தில் ஒரு முறை பூத்தது. பூத்து முடிந்த கார்விக் குச்சிகளை வெட்டி வந்துதான் அவர்கள் சுவர் எழுப்புவார்கள். குச்சியைப் பாயாக முடைந்து நிறுத்தி இரு பக்கமும் செம்மண்ணும் சாணியும் பூசினால் சுவர்.

மனிதர் வந்தது கல்லுக்காக. நகரம் வடக்கே வளர வளர, சாலைக்கு ஜல்லி, வீட்டுக்கு அஸ்திவாரக் கல், தண்டவாளத்துக்குச் சரளை என்று எல்லாவற்றையும் அந்த மலையிலிருந்துதான் பெயர்த்தார்கள். பெயர்க்க ஆள் வேண்டுமென்று ஒரு காண்டிராக்டர் திருநெல்வேலிச் சீமையின் தெற்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆட்டைத் திட்டிய அந்தப் பெண்ணின் மாமனார் அதில் ஒருவர். ஆண்கள் வெடி வைத்தார்கள், பெண்கள் சுத்தியலால் ஜல்லி உடைத்தார்கள். பிறகு காட்டுக்குள் குவாரி கூடாது என்று உத்தரவு வந்து வேலை நின்றது. குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கொக்கு வந்தது. ஆண்கள் கீழே எழும்பிய கட்டடங்களுக்கு வாட்ச்மேன் ஆனார்கள். பெண்கள் கீரையும் மழைக்காலத்தில் காட்டுக் கிழங்கும் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் விற்றார்கள். அவள் புருஷனுக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை. கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பூவரசு நின்றது. எனக்கு அதுதான் வியப்பாக இருந்தது. பூவரசு கடலோரத்து மரம். அந்தக் கரும்பாறைக் காட்டில் தானாக முளைக்காது. யாரோ நட்டால்தான் உண்டு. ஆகவே மரத்தின் வயது தெரிந்தால் குடியிருப்பின் வயது தெரியும் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் வருடம் பத்தொன்பது மரத்தையும் நெஞ்சளவு உயரத்தில் நாடா சுற்றி அளந்தேன். வயது தெரிந்த பூவரசுகளை நகரத்தில் தேடி அளந்து ஒப்பிட்டேன். அங்கிருந்ததிலேயே பருத்த மரத்துக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது என்று கணக்கு வந்தது. ஆனால் அவர்களோ மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்றார்கள். நான் மரத்தை நம்பினேன். ஒரு குவாரியிலிருந்து இன்னொரு குவாரிக்கு அலைந்த கூட்டம், இங்கே வந்து நின்றது அண்மையில்தான் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினேன். புனேயிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர், மரத்தைக் கொண்டு மனிதக் குடியிருப்பின் வயதைக் கணித்த முறை அருமை என்று தன் கையால் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே எத்தனை நாள் வைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மண் மேடு மட்டும் கிடந்தது. பூவரசு இருந்த இடத்தில் அடிமரத்தைத் தோண்டி எடுத்த குழி. முப்பதடி தள்ளி அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் புதுச்சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டி முடியாத வீட்டின் முன்னால் ஆளுயரக் கொம்பு ஒன்று நட்டு, நுனியில் சாணி உருண்டை அப்பியிருந்தது.

"என்னம்மா, வீட்டை ஏன் பிரித்தீர்கள்?"

"எங்க மாமியா தவறிட்டாவல்லா சார்வாள். பதினாறு கழிஞ்சிட்டு. செத்தவங்க இருந்த வீட்ல நாங்க இருக்க மாட்டோம். திரும்பி வந்தா வாசல் தெரியக்கூடாது."

"அப்படியென்றால் மரத்தை ஏன் கொண்டுவந்தீர்கள்? அதை வைத்துக் கண்டுபிடித்துவிட மாட்டாரா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "படிச்ச ஆளு கேள்வியப் பாரு" என்றாள்.

"மரம் இல்லாம வீடு எப்படி நிக்கும்?" என்றாள் அவள். "பழசை வெட்டி ஒரு கொம்பை எடுத்து மொதல்ல அதை நடணும், பொறவுதான் வீடு. இது எங்க மாமியா கல்யாணமாகி வரையில ஈரச்சாக்குல சுத்தி ரயில்ல கொண்டாந்த கொம்பு. இங்கன எல்லார் வீட்டுலயும் நிக்கது அதுல வெட்டுனதுதான். எத்தன எடம் மாறியிருக்கு, கேளுங்க. குவாரி இருந்த காலத்துல சாவுக்கா பஞ்சம்?"

"அப்படியானால் இந்த மரத்துக்கு என்ன வயது?"

"எங்க மாமியாளுக்கு அக்கா இது!"

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அளந்தது மரத்தின் வயதை அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக நடந்த சாவிலிருந்து எத்தனை வருடமாயிற்று என்பதைத்தான். இது எனக்கு அன்றே, குர்லா வருவதற்குள் முழுவதுமாகப் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு நான் சொல்லிக்கொள்ள முயன்றதெல்லாம் பொய்.

ஓய்வு பெறுகிற வருடம் நூலை எழுதி முடித்தேன். பழைய கட்டுரையை அப்படியே மூன்றாம் அதிகாரமாக வைத்தேன். வீடு மாற்றுகிற வழக்கத்தை அதில் எழுதவில்லை. எழுதினால் அந்த அதிகாரமே விழுந்துவிடும். புனேப் பேராசிரியர் முன்னுரை தந்திருந்தார், அதுவும் அந்த அதிகாரத்தைப் பாராட்டித்தான். நாடாவால் அளந்தது விஞ்ஞானம், ஒரு பெண் மண் குழைத்துக்கொண்டே சொன்னது வாய்வார்த்தை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி மெய்ப்புத் திருத்த உதவினாள். அவளிடமும் சொல்லவில்லை.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை மலைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நடுப்பக்கத்தில் அவள் பூவரசின் பக்கத்தில் நிற்கிற படம் இருந்தது. பிள்ளைகள் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். அவர்கள் கீழே இந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். ஆங்கிலத்தில் தங்கள் பேரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவள் புத்தகத்தைப் பால் கவரில் சுற்றி உத்தரத்தில் செருகி வைத்தாள். அவள் புருஷன் மூச்சு வாங்கிக்கொண்டே, "நம்மளப் பத்தியும் ஒரு புஸ்தகம் வரும்னு எங்கப்பன் கண்டானா?" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அரசு ஆட்கள் வந்து மலைக்கும் ஊருக்கும் நடுவே எல்லைச் சுவர் எழுப்பக் குறி போட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு முன்பே குடியிருந்தவர்கள் என்று நிரூபித்தால் சுவரை வீடுகளுக்குப் பின்னால் எழுப்புவோம், இல்லையென்றால் பத்தொன்பது வீடும் எடுபடும் என்றார்கள்.

அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. காண்டிராக்டர் வைத்திருந்த ஆள் பதிவேடு அவரோடு போயிற்று. ரேஷன் அட்டை எல்லாரிடமும் இருந்தது. ஆனால் அத்தனையும் தாராவி விலாசத்தில். மலைச்சரிவுக்குத் தபால் விலாசம் கிடையாது என்று அந்தக் காலத்தில் தாராவியில் இருந்த சொந்தக்காரர்களின் வீட்டு எண்ணைக் கொடுத்து அட்டை வாங்கியிருந்தார்கள். மண்ணெண்ணெயும் அரிசியும் வந்தால் போதும் என்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்த அட்டையைக் காட்டினால், நீங்கள் தாராவி ஆட்கள், இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள்.

அவள்தான் உத்தரத்தில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். மூலை வீட்டில் இருந்த வாட்ச்மேன் ஒருவர், அவளுக்குக் கொழுந்தன் முறை, வேண்டாம் மதினி, என்ன எழுதியிருக்குன்னு தெரியாத காகிதத்தைச் சர்க்காரிடம் கொடுக்காதே என்று தடுத்தாராம். "சார்வாள் பதினோரு வருசமா வந்து போயி எழுதினது. நம்மளுக்குக் கெடுதலா எழுதுவாரா?" என்று சொல்லி, அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எனக்கு இது அப்போது தெரியாது. அலுவலகத்திலிருந்து, உங்கள் நூல் குறித்து ஒரு விளக்கம் வேண்டும், வர முடியுமா என்று மரியாதையாகப் போன் வந்தது. போனேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். வராந்தா பெஞ்சில் பத்தொன்பது வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து ஓடிவந்தாள்.

"சார்வாள் வந்துட்டாவ! இனி கவலயில்ல. உள்ள ஃபேனு ஓடுது, போங்க. நல்லா எடுத்துச் சொல்லுங்க."

உள்ளே அதிகாரியும் அவர் பக்கத்தில் இளவயது அம்மையார் ஒருவரும் இருந்தார்கள். இருவரும் எழுந்து நின்றார்கள். நூலைப் படித்ததாகவும், மூன்றாம் அதிகாரம் மிகத் தெளிவாக இருப்பதாகவும் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'இங்குள்ள பூவரசுகளில் மிக மூத்ததும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதல்ல. எனவே இக்குடியிருப்பு அதற்கு முன்பே இங்கு நிலைபெற்றிருந்ததாகக் கொள்ள இடமில்லை.' அந்த வாக்கியம். அவர்கள் குறித்த வருடமோ அதற்கு முந்தியது.

"இந்த அளவுகள் சரிதானே சார்?" என்று அந்த அம்மையார் கேட்டார். "வேறு ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டுமா?"

அவர் கேட்கத்தான் செய்தார். அதை நான் மறைக்கக்கூடாது. வாயைத் திறந்து, மரத்தின் வயது குடியிருப்பின் வயது அல்ல, அவர்கள் வெட்டி வெட்டி நடுகிறார்கள், எனக்கு அது தெரிந்தும் எழுதாமல் விட்டேன் என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. என்னை எழுந்து நின்று வரவேற்ற இரண்டு பேர் முன்னால், தெரிந்தே தப்பாக எழுதினவன் என்று ஆக எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

"அளவுகள் சரி" என்றேன். அளவுகள் சரிதான்.

வெளியே வந்தேன். அவள் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிவிட்டேன்."

அவள் புருஷன் பெஞ்சில் இருந்தபடியே கைகூப்பினார். எழுந்தால் மூச்சு வாங்கும் என்று எழவில்லை, அதற்கு மன்னிப்பும் கேட்டார்.

மழைக்கு முன்னால் வீடுகளை எடுத்துவிட்டார்கள். நான் அந்த நாளில் அங்கே போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பின்னால் அந்தப் பக்கம் போன பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: சுவர் நேராகப் போகிறது சார், வீடு இருந்த இடமெல்லாம் கார்வி ஏறிவிட்டது, நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று.

பதினைந்து வருடம் அவளைப் பார்க்கவில்லை. இதற்குள் என் மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். போன வருடம் ஒரு காலையில் சயான் ஸ்டேஷன் வாசலில், தலையில் இட்லிப் பாத்திரத்தோடு போன ஒருத்தி நின்று திரும்பினாள்.

"சார்வாள்தான? என்ன இப்படி வத்திப் போயிட்டீங்க!"

அவள் தாராவியில்தான் இருந்தாள். ரேஷன் அட்டையில் இருந்த அதே விலாசம். புருஷனின் அண்ணன் மகன் வீடு. கீழே அவன் குடும்பம், மேலே இரும்பு ஏணி ஏறினால் ஒரு அறை. வரச் சொன்னாள். போனேன். ஏணியில் பாதியில் நின்றுவிட்டேன். அவள் மேலிருந்து கைகொடுத்துத் தூக்கினாள். அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. இட்லிக்கு மாவு ஆட்டுகிற கிரைண்டர், ஒரு பாய், புருஷனின் படம்.

"அஞ்சு வருசம் இருந்தாவ. இங்கனதான், நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் உசுரு போச்சு" என்றாள். "வீட்ட மாத்தவா முடியும்? பதினாறு நாளும் ஏணிக்குக் கீழ படுத்தேன். பொறவு மேல வந்துட்டேன். வேற என்ன செய்ய."

நான் பேச்சை எடுக்குமுன் அவளே எடுத்தாள். "எங்காளுங்க ஒங்களத்தான் கொற சொன்னாவ. புஸ்தகம் எழுதினவரு ஒண்ணும் பண்ணலன்னு. நான் விடல. அவரு உள்ள போயிச் சொன்னாரு, நான் கண்ணால கண்டேன், சர்க்கார் கேக்கலன்னா அவரு என்ன செய்வாருன்னு சண்ட போட்டேன்."

பதினைந்து வருடமாக எனக்காக அவள் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். கொம்பு வெட்டி நடுகிறதை அவள் வாயால் கேட்டும் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். உள்ளே அவர்கள் கேட்டும் நான் வாய் திறக்காததைச் சொன்னேன்.

அவள் மாவுப் பாத்திரத்தின் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா வீடு நின்னுருக்குமா?"

"நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்."

"அந்த புஸ்தகம் இல்லாமலே இருந்திருந்தா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்தேன். "உங்களுக்கு எதிராக வேறு சான்று எதுவும் சர்க்காரிடம் இல்லை. இழுத்துக்கொண்டே போயிருக்கும். ஒருவேளை நின்றிருக்கலாம்."

அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "அப்பம் நாந்தான கொண்டு குடுத்தேன்" என்றாள்.

"நீ என்ன செய்வாய்? உனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினது நான்."

"கொளுந்தன் வேண்டாம் வேண்டாம்னாரு. நாந்தான் கேக்கல." அவள் என்னைப் பார்க்கவில்லை. "பத்தொம்பது வீடு."

நான் ஏதேதோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என் நெஞ்சில் இருந்ததை இறக்கிவைக்க நான் போனேன். இறக்கிவைத்த இடம் எது என்று அந்த ஏணியில் இறங்கும்போதுதான் தெரிந்தது. இந்த முறை அவள் கைகொடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். கீழ்வீட்டுப் பெண், அவளுடைய மருமகள் முறை, வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல. அன்னையிலேந்து சின்னத்த இட்லி போடல. அந்த மலையில இருந்தவங்க வீட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணாப் போயிட்டு இருக்காவ. முந்தாநாள் தாணே. நேத்து முலுண்ட். இன்னைக்கு பாண்டுப். முட்டு வீங்கிக் கெடக்கு, சொன்னா கேக்க மாட்டேங்காவ. நாந்தான் கொண்டு குடுத்தேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லத்தான் போறாவளாம்."

பதினைந்து வருடம் எனக்கு ஒரு ஏணி ஏற முடியவில்லை. அவள் பத்து நாளில் பாதி வீட்டைச் சுற்றிவிட்டாள்.

பாண்டுப் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு சயானில் ரயில் ஏறினேன். மூலை வீட்டுக்காரர் வீடு அது. இப்போது மகனோடு, சால் என்கிற வரிசை வீடுகளில் ஒரு அறையில் இருக்கிறார். என்னை அடையாளம் கண்டதும் உள்ளே கூப்பிட்டு, மடக்கு நாற்காலியை விரித்து, துண்டால் தட்டிப் போட்டார். சமையல் மூலையைப் பார்த்து, "சாய் வை, சார்வாள் வந்திருக்காவ" என்றார்.

"அவள் வந்தாளா?"

"வந்து போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

"அவள் மேல் தப்பே இல்லை. எழுதினது நான். அலுவலகத்தில் பேசாமல் இருந்ததும் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "அவளும் அதச் சொன்னா. நீங்க எழுதினது எங்களுக்கு என்ன தெரியும் சார்வாள்? ஒங்க படிப்பு, ஒங்க பாஷ. ஒங்கள என்ன சொல்ல முடியும்? அவ எங்காளுல்லா. நான் அன்னைக்கே சொன்னேன், குடுக்காதன்னு."

"அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?"

"என்னத்தச் சொல்ல. வீடு போச்சு. எம் பொண்டாட்டி மூணு வருசம் ரோட்டோரத்துல கெடந்து போயிச் சேந்தா. அழுதா அழுதுட்டுப் போகட்டும்."

"உள்ளே கூப்பிட்டீர்களா? உட்காரச் சொன்னீர்களா?"

அவர் வாசற்படியைப் பார்த்தார். வீங்கிய முழங்காலோடு அவள் அந்தப் படிக்கு வெளியேதான் நின்றிருக்கிறாள் என்று தெரிந்தது.

அவருடைய மருமகள் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து, எனக்குக் கைக்கெட்டுகிற மாதிரி ஸ்டூலை இழுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள்.

"குடிங்க சார்வாள், ஆறிரும்" என்றார் அவர்.